சாம்பல் வாளியில் போன துணிகள்

போன வாரம் நான் வேலை பார்த்த பழைய கடையை எட்டிப் பார்க்க வந்திருந்தேன். உங்களில் பாதிப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னீர்கள், மீதிப் பேர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைப் பார்த்ததும் வயிறு எரிந்துவிட்டது. ஓரம் மட்டும் பிரிந்த துணி, பாதி தேய்ந்த பாலிஷ் பஞ்சு, விசை உடைந்த ஸ்பிரே பாட்டில், மூடியோடு காலி ஷாம்பு கேன், எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில், மூலையில் முடிச்சுப் போட்ட மஞ்சள் துணி ஒன்றும் கிடந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். அக்கா ஏன் கோபமாகப் போனார்கள் என்று முதலாளி போனில் கேட்டார். கோபம் பாதிதான். மீதி பயம். அதைப் போனில் சொல்ல முடியவில்லை, எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நம் கார் கழுவும் கடைக்கு வாட்டர் வாஷ் என்று போர்டு இருந்த காலத்திலேயே நான் இங்கே சேர்ந்தவள். பிறகு போர்டு பளபளப்பாகி 'டிடெயிலிங்' என்று ஆனது, துணியும் பஞ்சும் வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. ஆனால் தேய்ந்த பொருளை என்ன செய்வது என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. அதை நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். பாலிஷ் பஞ்சு தேய்ந்தால் நான்காக வெட்டி டயருக்குக் கறுப்புப் பூச எடுத்துக்கொள்வோம். களிமண் மாதிரிப் பிசைந்து பெயிண்டில் தேய்க்கிறோமே, அது அழுக்கேறினால் கண்ணாடிக்கு, அதற்கும் பிறகு சக்கரத்துக்கு. நரை முடி மாதிரி உதிர்கிற பிரஷ்ஷை ஒட்ட வெட்டினால் ஏசி ஓட்டைக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. துணி, முதலில் பாடி துடைக்கும். அதன் மேலிருக்கிற பூ இழை உதிர்ந்ததும் கதவு இடுக்கு, பிறகு சக்கரம், பிறகு இன்ஜின், கடைசியாக டயர்.

துணி இறங்கலாம், ஏறக் கூடாது. இதைத் தலைகீழாகச் செய்த ஒரு பிள்ளை இருந்தாள். டயர் துணியைத் துவைத்து மடித்துக் கண்ணாடித் துணியோடு வைத்துவிட்டாள். துவைத்தாலும் டயர் பூச்சு போகாது. அந்த வண்டிக்காரர் பாம்பன் பாலத்து மேல் ஏறும்போது தூறல் பிடித்தது, வைப்பரைப் போட்டார், கண்ணாடி முழுவதும் பால் ஊற்றினது மாதிரி ஆகிவிட்டது. இருபுறமும் கடல், முன்னால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து அவர் பேசின பேச்சை நான் எழுத முடியாது. அவர் பேசினதில் தப்பே இல்லை.

இன்னொன்று. ஒரு துணியைப் பெயிண்டில் வைப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் விரித்துத் தடவுங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்தத் துணி தொட்டதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், உதறினாலும் விடாது. ஒரு மணல் போதும், கீறிவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்தே எனக்கு மணல் அடையாளம் பழகிப்போனது. மிதியடியைத் தட்டினால் வண்டி எந்தக் கரைக்குப் போய்வந்தது என்று சொல்லுவேன். தனுஷ்கோடி மணல் நைசாக ஒட்டும். மாரியூர்ப் பக்கம் போன வண்டியில் சிப்பி நொறுங்கல் இருக்கும். புதுமடத்து மணல் பழுப்பு. கரைக்கு எதிரே ஆளில்லாத தீவுகள் தெரிகின்றனவே, அங்கே அனுமதியோடு ஆராய்ச்சிக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கும் ஜீப் ஒன்று நம்மிடம்தான் கழுவ வரும். அதில் மட்டும் வெள்ளையாக, உடைத்த பல் மாதிரிப் பவளத் துண்டு கிடக்கும். பெயிண்டுக்கு எமன் அது. அந்த ஜீப்பைத் துடைத்த துணியை நேராக இன்ஜினுக்குத் தள்ளிவிடுவேன்.

சரி, இனிப் பயத்துக்கு வருகிறேன்.

நம் சாலை எந்த ஊருக்குப் போகிற சாலை என்று உங்களுக்குத் தெரியும். இராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் பலர் அஸ்தி கரைக்க வருகிறவர்கள். மடியில் கலயத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் பள்ளத்தில் வண்டி குதித்தால் கொஞ்சம் சிந்தும். கரைத்து முடித்துத் திரும்பும்போது உச்சிப்புளி தாண்டி நம் போர்டைப் பார்த்து நிறுத்துவார்கள். "சீட்ல கொஞ்சம்... நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். நமக்குப் புரிந்துவிடும்.

அந்த வண்டிக்கு வேக்யூம் போடக் கூடாது. சாம்பல் அவ்வளவு நைசு, வடிகட்டியில் நுழைந்து வெளியே வந்து வண்டி முழுக்கப் படிந்துவிடும். இது தொழில் காரணம். அதோடு, ஒரு மனிதரை உறிஞ்சிக் குப்பைப் பையில் போட எனக்கு மனசு வரவில்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்த இடத்தை உள்ளே வைத்து, மூலையில் ஒரு சாதா முடிச்சுப் போடுவோம். முடிச்சுப் போட்ட துணி மறுபடி எந்த வண்டியையும் தொடாது, முடிச்சையும் யாரும் அவிழ்க்க மாட்டோம். தனியாக ஒரு பச்சை வாளி, அதற்குச் சாம்பல் வாளி என்றே பெயர். வாளி நிறைந்ததும் கடலோரம் கொண்டுபோய் ஈரமணலில் ஆழமாகப் புதைப்போம். யாரும் சொல்லித் தரவில்லை, கடைப் பெண்களாகச் சேர்ந்து ஏற்படுத்திக்கொண்டது.

ஒருநாள் விருதுநகர்ப் பக்கத்து வண்டி ஒன்று வந்தது. மருமகன் ஓட்டிவந்தார், பின்சீட்டில் மாமியார். அந்த அம்மாவின் கணவர் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கியவர், அவருடைய அஸ்தியைக் கரைத்துவிட்டு வருகிறார்கள். மற்றவர்கள் மாதிரி அந்த அம்மா தள்ளிப் போய் நிற்கவில்லை. நான் பச்சைத் துணியால் சீட்டை ஒற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முடிச்சுப் போடப் போனபோது கையை நீட்டினார்கள்.

"குடு தாயி. நான் போடுறேன். அவரு மூட்டைக்கு வாய் கட்டுவாரு பாரு, அந்த முடிச்சு."

இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை மடித்து உள்ளே செருகினார்கள். இழுக்க இழுக்க இறுகும், ஆனால் குட்டை வாலைப் பிடித்து இழுத்தால் பொட்டென்று அவிழும். அப்படிப்பட்ட முடிச்சை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. செய்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"சரியா வரல. அவரு இடதுகைக்காரரு. வாலு இடது பக்கம் நிக்கும். எனக்கு எத்தனை தடவ போட்டாலும் வலதுபக்கந்தான் போவுது." துணியை என் கையில் கொடுத்துக்கொண்டே, "யாரு கூப்பிட்டாலும் போயிருவாரு தாயி. கை குடுங்கண்ணேன்னு ஒரு வார்த்தை போதும், தின்னுக்கிட்டிருக்குற சோத்த விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு" என்றார்கள்.

அந்தப் பச்சைத் துணியும் வாளிக்குள் போனது.

அப்போது உள்பக்கம் சுத்தம் செய்கிற வேலையில் ஸ்டெல்லா இருந்தாள். புதுமடத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் வீடு. அவள் கணவன் இன்னாசி சின்ன வத்தைப் படகில் தனி ஆளாகப் போய் நண்டு வலை போடுகிறவன். நம் கடையில் தேய்ந்த சாமான் அதிகமாகப் போனது அவனுக்குத்தான். காலி ஷாம்பு கேன் வலைக்கு மிதவை. கார் கழுவுகிற கையுறை, அந்தப் புழுப் புழுவாகத் தொங்குமே, அது கிழிந்தாலும் நண்டு பிரிக்க நல்லது, கொடுக்கு உள்ளே இறங்காது. கலர் துணிகள் மிதவைக் கம்பில் கொடி. கடலில் தூரத்திலிருந்து பார்த்தாலே இன்னாசி வலை என்று தெரியும் என்பார்கள். "ஏலே, நடுக்கடல்ல கார் கழுவுறியா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அவனும் சிரித்துக்கொள்வான்.

சாம்பல் வாளித் துணிகளைப் புதைக்கிற முறை அந்தத் தடவை ஸ்டெல்லாவுக்கு. அவளுக்கு அது பயம், புருஷனிடம் கொடுத்தனுப்பினாள். அவன் புதைக்கவில்லை. வெளுக்காத, கிழியாத துணிகள், மூலையில் ஒரு முடிச்சு இருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறான். எல்லாவற்றையும் கம்பில் கொடியாகக் கட்டிவிட்டான். அஸ்தி வண்டியும் நண்டு வலையும் ஒன்றாக இருக்கிற நம் ஊரைத் தவிர, இந்தத் தப்பை வேறு எந்த ஊரிலும் ஒருவன் செய்ய முடியாது.

வாடைக்காற்று ஏறியிருந்த நேரம். காலையில் வலை எடுக்கப் போனவன் திரும்பவில்லை. மதியம் அவனுடைய வத்தை கவிழ்ந்தபடி வெளிக்கடலில் மிதந்ததை யாரோ பார்த்துச் சொன்னார்கள்.

வாடை நம் தென்கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால் ஆள் மிதந்தாலும் தெற்கே ஆழக்கடலுக்குத்தான் போயிருப்பான் என்று படகுகள் அந்தப் பக்கமாகவே தேடின. தீவுகளை ஒட்டியும் ஒரு படகு போய்வந்தது. பாறை அதிகம், கிட்டே போக முடியவில்லை, கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை என்றார்கள். அடுத்த நாளும் தேடினார்கள். அன்று சாயங்காலம்தான் ஸ்டெல்லா என்னிடம் வாளி விஷயத்தைச் சொன்னாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்கள நாங்க மண்ணுல போடாம கம்புல ஏத்திக் கடல்ல நிக்க வச்சிட்டோம்க்கா. ராத்திரி பகலா நின்னுருக்காங்க. அதான் கூட்டிட்டுப் போய்ட்டாங்க" என்றாள். அப்படியெல்லாம் இல்லடி என்று சொன்னேன். சொன்னேனே தவிர என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, நாங்கள் கரையில் நின்றுகொண்டிருந்தோம். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று எங்கள் முதுகில் அடித்தது, சேலைத் தலைப்பு கடலைப் பார்த்துப் பறந்தது. அந்தக் காற்றுக்கு எதிராக ஒரு மஞ்சள் ஷாம்பு கேன் கரையை நோக்கி வந்தது. அலை தூக்கிப் போடவில்லை. மெதுவாக, யாரோ நடந்து வருகிற வேகத்தில் வந்து மணலில் ஒதுங்கியது. நம் கடைக் கேன், லேபிள்கூடப் பாதி இருந்தது. கம்பில் நீலத் துணி, அதன் மூலையில் நம் சாதா முடிச்சு.

கரையில் நின்ற ஒரு பெரியவர், "சாமானத் திருப்பிக் குடுத்துருச்சு. இனி ஆளக் குடுக்காது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். ஸ்டெல்லா மணலில் உட்கார்ந்துவிட்டாள். தேடுகிறவர்களை நடத்திக்கொண்டிருந்தவர் புதுமடத்து ஹமீது பாய், சொந்தப் படகு வைத்திருப்பவர், இன்னாசிக்கு நெருக்கம். அவரே என்னிடம் வந்து, "தங்கச்சி, நீங்கதான் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும். இன்னைக்கோட நிறுத்திக்கிறோம். டீசலும் இல்ல, நம்பிக்கையும் இல்ல. அல்லா நாட்டம்" என்றார். மாதா கோயிலில் அவனுக்காகப் பூசை வைப்பது பற்றிப் பின்னால் நின்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது இரண்டாவது கேன் வந்தது. அதே மாதிரி, காற்றுக்கு எதிராக, அதே நடை வேகத்தில், கிட்டத்தட்ட முதல் கேன் ஒதுங்கிய இடத்துக்கே.

இதை யாரும் தொடவில்லை. நான்தான் போய் எடுத்தேன். என் கடைத் துணி, நான் எடுக்காமல் யார் எடுப்பார்கள்? ஆரஞ்சுத் துணி. ஒரு மூலையில் நம் சாதா முடிச்சு. எதிர்மூலையில் இன்னொரு முடிச்சு, இறுக்கமாக, பருத்த முடிச்சு.

பழக்க தோஷம், உள்ளங்கையில் விரித்துத் தடவினேன். கரையில் புரண்டதால் வெளிப்பக்கம் எல்லாம் பழுப்பு மணல். புது முடிச்சின் மடிப்பில் மட்டும் கையில் குத்துகிற மாதிரி ஏதோ இருந்தது. சிலருக்கு ஆளைப் பார்த்தாலே பொய் சொல்கிறாரா என்று தெரியும் என்பார்களே, எனக்கு அழுக்கைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. முடிச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

"அவுக்காதக்கா!" ஸ்டெல்லா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீதானக்கா சொன்ன, முடிச்ச அவுக்கக் கூடாதுன்னு? உள்ள இருக்குறது வெளிய வந்துருச்சுன்னா, எம்புள்ளைகளும் இங்கனதான நிக்குதுக."

எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. விதியை வைத்தவள் நான். இத்தனை காலத்தில் ஒரு முடிச்சைக்கூட அவிழ்த்ததில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் அவிழ்க்காதே என்றுதான் பார்த்தார்கள். பேசாமல் அந்தத் துணியையும் புதைத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாறாக, மரியாதை தெரிந்தவள் என்றிருப்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது முடிச்சை நம் கடையில் யாரும் போடவில்லை. நாம் ஒரு முடிச்சுதான் போடுவோம். அப்படியானால் துணி கடையை விட்டுப் போன பிறகு ஒரு கை இதைப் போட்டிருக்கிறது. எந்தக் கை, எந்த இடத்தில்?

"நம்ம முடிச்சத் தொட மாட்டேன்டி. இது நம்மது இல்ல" என்று சொல்லி அவள் கையை விலக்கினேன். நகத்தால் கிளறப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு என் விரல் தானாகக் குட்டை வாலைப் பிடித்து இழுத்தது. பொட்டென்று அவிழ்ந்தது. இதை எங்கே பார்த்தோம் என்று ஒரு நினைப்பு வந்தது, ஆனால் அந்த நேரத்தில் பிடிபடவில்லை.

உள்ளே பழுப்பு மணல் ஒன்றுகூட இல்லை. வெள்ளைப் பவளத் துண்டுகள், கூடவே நசுங்கின முள்செடி இலை ஒன்று. பச்சை மாறாத இலை.

"பாய், இங்கன வாங்க" என்று கத்தினேன். "இது தீவு. தண்ணிக்குள்ள கெடந்த துணியில செடி இலை எப்படிப் போகும்? வெள்ளக்கல்லு கெடக்குற எடத்துல உக்காந்து இத ஆரோ கட்டிருக்காங்க. அதுவும் இலை வாடுறதுக்குள்ள."

அவர் வாங்கிப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "கல்லு தீவுக் கல்லுதான். ஆனா வாடை அடிக்கையில தீவுல விட்ட கேனு இங்கன எப்படி வரும் தங்கச்சி? அங்கிட்டுல்ல போகணும்."

"எப்படி வந்துச்சுன்னு அப்புறம் யோசிப்போம் பாய். எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு துணி சொல்லுது. அத விட்றாதீங்க."

அவர் ஒரு நிமிஷம் அந்த இலையை விரலில் உருட்டினார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏலே, படகத் தள்ளுங்கடா" என்றார். தீவில் இறங்கக் கூடாது என்பது சட்டம், அதற்குப் பொறுப்பானவர்களுக்குப் போனைப் போட்டுக்கொண்டே படகில் ஏறினார். டீசல் எங்கிருந்தோ வந்தது.

ஸ்டெல்லாவும் நானும் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் அந்த வெள்ளைக் கல்லை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சியைத் தாண்டியது. படகு திரும்பி வரும்போது ஒருவர் முன்முனை அணியத்தில் நின்று சட்டையைச் சுழற்றினார். உயிர் இருக்கிறது என்று கரையில் கத்தினார்கள். ஸ்டெல்லா தண்ணீருக்குள் ஓடினாள், நானும் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்தத் தொழிலில் நான் பட்ட அத்தனை பேச்சையும் மன்னித்துவிட்டேன்.

தீவின் தென்பக்கம், கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முள்செடி நிழலில் கிடந்திருக்கிறான். உதடு வெடித்து, கண் உள்ளே போய், வலது கை மணிக்கட்டில் ஒடிந்து. ஒடிந்த கையில் கடலோரக் குச்சி வைத்துப் பச்சைத் துணியால் கட்டியிருந்தது.

இராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில், குளுக்கோஸ் ஏறிப் பேச்சு வந்த பிறகு அவனைப் பார்த்தேன்.

"நல்ல வேலை செஞ்ச இன்னாசி. துணியில முடிச்சுப் போட்டு விட்டியே, அந்த முடிச்சுதான் உன்னையக் காட்டிக் குடுத்துச்சு" என்றேன்.

"என்ன முடிச்சுக்கா?" என்றான். "கேனு கட்டிருந்த கயித்தக் கல்லுல தேச்சு அறுத்துத் தள்ளி விட்டேன். அவ்வளவுதான். ஒத்தக் கையில முடிச்சு எங்கிட்டுப் போட? கேனுங்க போன தெசைய நான் பாக்கக்கூட இல்ல."

"உன் கைக்குக் கட்டுப் போட்டிருக்கே?"

"அது ஹமீதண்ணன் போட்டது. நல்லாக் கட்டிவிட்டாரு, வலியே தெரியல."

வாசலில் நின்ற ஹமீது பாய் என்னைப் பார்த்தார். "நான் போடல தங்கச்சி. நாங்க போறப்பவே கட்டித்தான் இருந்துச்சு. இவனே பல்லால கடிச்சுக் கட்டிருப்பான்னு நெனச்சேன்" என்றார், குரலைத் தாழ்த்தி.

இன்னாசி கண்ணை மூடிக்கொண்டு பேசினான். வத்தை கவிழ்ந்து, கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்ததும், "ஆராச்சும் கை குடுங்க, கை குடுங்க" என்று கத்தியதும் நினைவிருக்கிறதாம். அப்புறம் சரியாக நினைவில்லை. "தண்ணிக்குள்ள ஆரோ என்னைய முதுகுல போட்டுத் தூக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சுக்கா. சாக்கு மூட்டையத் தூக்குவாகள்ல, அப்புடி. மொளகா நெடி அடிச்சுச்சு. காய்ச்சல்ல என்னென்னமோ தோணுதுக்கா" என்றான்.

நர்ஸ் கட்டை வெட்ட வந்தாள். முடிச்சை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வெட்டச் சொன்னேன். ஏனென்று கேட்காமல் வெட்டிக் கொடுத்தாள். அந்தப் பச்சைத் துணியின் ஒரு மூலையில் விருதுநகர் அம்மா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மணிக்கட்டின் மேல் போட்டிருந்ததும் அதே ஜாதி முடிச்சு. கரையில் என் விரல் எதை நினைவு வைத்திருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டப்பகலில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அந்த இரண்டு முடிச்சையும் மாறி மாறித் தடவிக்கொண்டு நின்றேன்.

ஸ்டெல்லாவிடம் நான் சொல்லவில்லை. கைக்குத் திரும்பி வந்த மீதித் துணிகள் எல்லாவற்றையும் அவளும் நானுமாகப் போய் ஈரமணலில் ஆழமாகப் புதைத்தோம். பச்சைத் துணியை மட்டும் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா திதி கொடுக்க மறுபடி இராமேஸ்வரம் வந்தார்கள். திரும்பும்போது மருமகனிடம் சொல்லி நம் கடையில் வண்டியை நிறுத்தச் செய்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்னாசி என்று ஒருவன் இருப்பதையே சொல்லவில்லை. துணியை எடுத்து அவர்கள் மடியில் வைத்தேன்.

முதலில் மூலை முடிச்சைத் தடவினார்கள். "இது நான் போட்டது." பிறகு மற்றதைத் தடவினார்கள். விரல் அதன் வாலில் நின்றது.

"இது நான் போட்டதில்ல தாயி" என்றார்கள். "இது அவரு போட்டது. வாலு இடது பக்கம் நிக்குது பாரு."

அப்புறம் அழுதார்கள். நானும் அழுதேன். எங்கே, யாருக்கு என்று அவர்கள் கேட்கவே இல்லை. "நல்லாருக்காங்கள்ல?" என்று மட்டும் கேட்டார்கள். நன்றாக இருக்கிறான் என்றேன். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காரில் ஏறிப் போனார்கள்.

இதை நம்பு என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. காய்ச்சலில் ஒருவன் ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டுவிட்டு மறந்திருக்கலாம், கடலின் உள்ளோட்டம் காற்றுக்கு எதிராகக் கேனைக் கொண்டுவந்திருக்கலாம். ஹமீது பாய் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார், சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு உங்களிடம் வேண்டியது இதுதான். தேய்ந்த துணி குப்பை இல்லை. இறக்கி இறக்கி உபயோகியுங்கள். காலி கேனை வலைக்காரர்களுக்குக் கொடுங்கள். சாம்பல் வண்டியைத் துடைத்த துணியை மட்டும் முடிச்சுப் போட்டுப் பச்சை வாளியில் போடுங்கள், வாளி நிறைந்தால் புதையுங்கள், வேறொருவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.

இனி, உங்கள் குப்பைத் தொட்டியிலிருந்து நான் எடுத்து வந்த மஞ்சள் துணி. ஒரு மூலையில் சாதா முடிச்சு, உங்களில் ஒருவர் போட்டது, சரி. வீட்டில் வந்து விரித்துப் பார்த்தால் எதிர்மூலையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு சுற்று, வால் மடித்து உள்ளே செருகி. நான் அவிழ்க்கவில்லை. உங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டேன், எல்லாரும் நாங்கள் இல்லை என்கிறீர்கள்.

வால் இடது பக்கம் நிற்கிறது. உங்களில் இடதுகைக்காரர் யாராவது இருந்தால், கோபிக்க மாட்டேன், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள்.